ஏ.டி.எம். வாசலில் நின்றவர்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சண்முகம்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாததற்கு நீ என்னைத் திட்டியிருப்பாய். அது இங்கே வரைக்கும் கேட்டது. வீட்டில் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் மகளின் கல்லூரி விஷயத்தில் எனக்கொரு கருத்து உண்டு, ஆனால் அதைக் கேட்டால் நீ இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவாய் என்பதால் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறேன்.

‘துப்பாக்கி விளையாட்டு செய்து பிழைக்கிறவன்’ என்று இனி நீ என்னைக் கிண்டல் செய்ய முடியாது. போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கான மெய்நிகர் காட்சிகளைத்தான் எங்கள் நிறுவனத்தில் இப்போது செய்துகொண்டிருக்கிறோம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டவரைச் சுற்றி, அவர் சரக்கு வாங்கிய சந்தும் புகைத்த மொட்டைமாடியும் வந்து நிற்கும். ஆசை எவ்வளவு ஏறுகிறது என்று பூஜ்யம் முதல் பத்துக்குள் சொல்லச் சொல்லி, அது தானாக இறங்கும்வரை பக்கத்தில் இருக்கும் ஆலோசகர் அவரை அந்த இடத்திலேயே நிறுத்திவைப்பார். சோற்றோடு மணியடித்துப் பழக்கியதால் மணி கேட்டாலே எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய்க்குச் சோறு வைக்காமல் மணியை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் எச்சில் ஊறுவது குறைந்துபோகும் அல்லவா, அதே கணக்குதான். உயரத்தைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு இந்த முறையில் சிகிச்சை தந்து பார்பரா ரோத்பாம் குழுவினர் 1995-இலேயே ஆய்வு வெளியிட்டார்கள். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் போர்ட்னிக் புகையிலைக்கும் மதுவுக்கும் மெய்நிகர் விருந்துக் கூடங்களை அமைத்துப் பார்த்தார்.

என் பங்கு, அந்தச் சந்துகளைக் கட்டுவது. சிவாஜிநகரில் திரிந்து, காரை பெயர்ந்த சுவர்களையும் தொங்கும் ஒயர்களையும் படமெடுத்து, அலுமினியத் தாளின் சுருக்கங்கள் லைட்டர் வெளிச்சத்தில் மின்னுவதை வரையப் படாதபாடு பட்டேன். முதலில் பார்க்க வந்தவர், பிரவுன் சுகர் என்ற மட்டமான ஹெராயினை விட்டு இரண்டு ஆண்டுகளான ஓர் ஆட்டோ ஓட்டுநர். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அலட்சியமாக ‘மூணு’ என்றார். தெருமுனையில் இடம் காலியாக இருக்கிறதே என்று நான் வைத்திருந்த ஏ.டி.எம். வாசலுக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். உள்ளங்கைகளைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, ‘உள்ள நோட்டு எண்ற சத்தம் கேக்குமே சார், அதைக் கேட்டாலே எனக்கு வயிறு கலக்கிடும், எட்டு போட்டுக்குங்க’ என்றார். ஒவ்வொருவருக்கும் அந்த எட்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அவரவரைக் கேட்காமல் எந்த வரைகலைஞனாலும் கண்டுபிடிக்க முடியாது என்பதை அன்று பார்த்தேன்.

என்னை உறுத்துவது வேறொன்று. ஒரு கூண்டில் பழகிய அச்சத்தை இன்னொரு கூண்டில் வைத்துப் போக்கிய பிறகு, எலியைப் பழைய கூண்டில் விட்டால் அச்சம் திரும்ப வந்துவிடுகிறது என்று உளவியலாளர் மார்க் பௌட்டன் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். தூண்டுதலை எதிரே வைத்துப் பழக்கும் சிகிச்சைகளை 2002-இல் அலசிய காங்க்லினும் டிஃபனியும், போதை விஷயத்தில் அவை பலன் தருவதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதியதோடு, இதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அதாவது, குளிரூட்டிய அறையில் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து அடங்கிய ஆசை, அந்த அறையோடு மட்டும் அடங்கியிருக்கலாம். அதனால்தான் பல சந்துகள், பல வேளைகள், முடிந்தால் வாசனையும்கூட வேண்டும், கடைசியில் ஆலோசகர் துணையோடு உண்மையான தெருவிலும் நடக்க வேண்டும் என்று நான் கத்திக்கொண்டிருக்கிறேன். விற்பனைப் பிரிவிலோ, சில அமர்வுகளில் பூரண குணம் என்று துண்டறிக்கை அச்சடித்துவிட்டார்கள்; நம் ஊர்ச் சந்தையில் மூலத்துக்கு லேகியம் விற்றவர்கூட இவ்வளவு துணிந்ததில்லை.

இடம் என்பது சாதாரணமானதில்லை, சண்முகம். 1971 செப்டம்பரில் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் ஆராய்ந்தபோது, அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். இடம் மாறியது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் அவர்கள் அந்த மண்ணை விட்டு வந்துவிட்டார்கள். போதையிலிருந்து மீண்டுகொண்டிருக்கும் நம் குமரேசன் எங்கே போவான்? அதே தெரு, அதே டீக்கடை, அதே மச்சான்.

அவன் போன வாரம் போன் செய்தான். மெஸ் கணக்கைத் தானே எழுதித் தானே தணிக்கை செய்தவனுக்கு, நான் செய்யும் ‘கண்ணாடி’யின் மேல் அபார நம்பிக்கை வந்திருக்கிறது. பெங்களூருக்கு வந்து அதை மாட்டிக்கொண்டால் சிகிச்சை மாத்திரையிலிருந்து விடுதலை என்கிறான். சிரித்துக்கொண்டே கேட்டவன், போனை வைத்த பிறகு நடுங்கிப்போனேன். நாக்குக்கு அடியில் அவன் வைத்துக்கொள்ளும், போதை ஏக்கத்தை அடக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரைதான் இன்று அவனைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. நான் செய்வது அதற்குப் பக்கத்தில் உட்காரக்கூடிய ஒரு பயிற்சி, அதன் இடத்தில் உட்காரக்கூடியதில்லை. மாத்திரையை விட்ட உடம்பு சில வாரங்களிலேயே தாங்கும் சக்தியை இழந்துவிடும் என்பதும், பழைய நினைப்பில் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்பதும் உனக்குத் தெரியும்.

நான் சொன்னால் வியாபாரம் பேசுகிறேன் என்பான், உன் பேச்சையாவது கேட்பான். இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய், மாத்திரையை நிறுத்திவிட்டானா என்று சாந்தியிடம் தனியாகக் கேள். நிறுத்தியிருந்தால் அன்றே அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். அவனை இங்கே வரச்சொல்வதா வேண்டாமா என்பதையும் அந்த டாக்டரிடமே கேட்டு எழுது.

அன்புடன்,
பாஸ்கர்