நொய்யலில் சேரும் நுண்நெகிழியைத் தடுக்கக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
நொய்யல் பாசன விவசாயிகள், பின்னலாடைத் தொழிலாளர்கள்,
திருப்பூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

பொருள்: ஓடைகள் வழியாக நொய்யலில் சேரும் துணி இழை, நெகிழித் துகள்களைத் தடுத்தல், குளத்து வண்டலைச் சோதித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நொய்யல் என்றாலே சாயமும் உப்பும்தான் பேச்சாக இருக்கிறது. கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு முறையை நிறைவேற்றும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அது சாயப்பட்டறைகளுக்கான ஏற்பாடு. கட்டிங், தையல் மட்டும் நடக்கும் பனியன் கம்பெனியில் சாயக் கழிவுநீர் இல்லை என்பதால், அங்கிருந்து ஆற்றுக்குப் போவது யார் கணக்கிலும் வருவதில்லை.

பாலியெஸ்டர் என்பது நெகிழியால் ஆன இழை. ஒரு பாலியெஸ்டர் வெட்டுத் துண்டின் ஓரத்தை விரலால் தேய்த்தால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இழைகள் கிளம்பும். ஒவ்வொன்றும் 10 முதல் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன், தலைமுடியைவிட மெல்லியது. ஓடைக்கரையில் கொட்டிய கட்டிங் வேஸ்ட் வெயிலில் நைந்து மழையில் அலசப்படும்போது நடப்பதும் இதுதான். பாலிகாட்டன் துணியில் பருத்தி மக்கிவிடும், பாலியெஸ்டர் மட்டும் தங்கும். எரித்தாலும் தீராது: பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கரிய மணிகளாக இறுகி, பிறகு பொடியும். துணி ஓரத்தை வெட்டித் தைக்கும் ஓவர்லாக் மெஷினடியில் சேரும் பிசிறைத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ளினால் அது நேரே சாக்கடைக்குப் போகிறது. வீட்டுத் துவைப்பும் சேர்ந்துகொள்கிறது. 6 கிலோ செயற்கை இழைத் துணியை ஒருமுறை மெஷினில் துவைத்தால் 7 லட்சம் இழைகள் வரை உதிரலாம் என 2016-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

பாலித்தீன் தண்ணீரில் மிதக்கும். பாலியெஸ்டரின் அடர்த்தி 1.38 (தண்ணீருக்கு 1), அதனால் ஓட்டம் தளரும் இடத்தில் படியும். தடுப்பணை, குளம், ஒரத்துப்பாளையம் அணை ஆகியவற்றின் சேற்றில்தான் அதைத் தேட வேண்டும். குளத்து வண்டலை விவசாயிகள் வயலுக்கு எடுத்துச் செல்ல அரசு அனுமதிக்கிறது, நல்ல திட்டம். ஆனால் நகரக் கழிவு சேரும் குளத்தின் வண்டலோடு இழையும் வயலேறினால் திரும்ப எடுக்க வழியில்லை.

எனவே நாங்கள் கேட்பவை:

ஜம்மனை ஓடையும் நல்லாறும் நொய்யலில் சேருமிடங்களிலும், பெரிய சாக்கடை வாய்களிலும் இரும்பு வலை வேண்டும். ஒற்றை வலை போதாது. அடைத்துக்கொண்டால் தண்ணீர் தெருவுக்கு ஏறும், யாராவது வலையைப் பிடுங்கிவிடுவார்கள். முன்னும் பின்னும் வலையைச் செருக இரண்டு காடி (பள்ளம்) வைத்தால், ஒரு வலையைத் தூக்கிச் சுத்தம் செய்யும்போது மற்றது நிற்கும். மழை நாட்களில் தினமும் அள்ள ஆளும், அள்ளியதை ஏற்ற வண்டியும் ஒதுக்க வேண்டும். உதிர்ந்த இழை வலையில் நிற்காது. துணி இழையாகும் முன்பே பிடிப்பதற்குத்தான் வலை.

கம்பெனிகளில் தரையைக் கழுவித் தள்ளாமல், உலர்வாகக் கூட்டி மூட்டை கட்டி ஒப்படைப்பதை உரிமம் புதுப்பிக்கும் நிபந்தனையாக்க வேண்டும். வாஷிங் பட்டறைகளின் வெளியேற்றுக் குழாயில் 100 மைக்ரான் வடிகட்டி அவசியம். வாரம் ஒருமுறை கழற்றிப் பார்க்காவிட்டால் அதுவும் பெயருக்குத்தான்.

சோதனை முறையைத்தான் நாங்கள் அதிகம் வலியுறுத்துகிறோம். 300 மைக்ரான் வலையால் ஆற்றுநீரை அரித்தால் இழை நீளவாக்கில் நழுவிவிடும். நீரை லிட்டர் கணக்கில் முழுதாக எடுத்து 20 மைக்ரான் வடிகட்டியில் வடிக்க வேண்டும். சேற்றிலிருந்து இழையை மிதக்கவைத்துப் பிரிக்கச் சாதாரண உப்புக் கரைசல் பயன்படாது. அதன் அடர்த்தி ஏறக்குறைய 1.2 என்பதால் பாலியெஸ்டர் அடியிலேயே கிடக்கும், அறிக்கையில் "இல்லை" என்று வந்துவிடும். 1.5-க்கு மேல் அடர்த்தியுள்ள துத்தநாகக் குளோரைடு கரைசல் தேவை. சாயமேறிய பருத்தி நூலும் நுண்ணோக்கியில் பாலியெஸ்டர் போலவே தெரிவதால், இழை எந்தப் பொருள் என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனையும் சேர வேண்டும். ஆண்டிபாளையம் குளம், மண்ணரை மூளிக்குளம் வண்டலுக்கு இச்சோதனை முடியும்வரை அங்கிருந்து மண் எடுக்க அனுமதி தர வேண்டாம்.

சாக்கடைநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நீரிலிருந்து பிரியும் இழையில் பெரும்பங்கு கசடில் தங்குகிறது. ஆகவே அக்கசடை உரமாக வழங்குவதற்கும் இதே கட்டுப்பாடு பொருந்த வேண்டும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். முதல் வெள்ளமே கரையில் கிடப்பதை மொத்தமாக இழுத்துப் போகும் என்பதால், வலைகளைச் செப்டம்பருக்குள் அமைத்துத் தருமாறும், ஓடைக்கரைக் குவியல்களை அதற்குமுன் அகற்ற மாநகராட்சிக்கு உத்தரவிடுமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நொய்யல் பாசன விவசாயிகள், பின்னலாடைத் தொழிலாளர்கள்
இடம்: திருப்பூர்