பழைய வரிகளை நீக்கத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு வரும் நெட்வொர்க் டிரைவர் (நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருள்) ஆவணம் ஒன்றிலிருந்து காலாவதியான வழிமுறைகளை நீக்கும் வேலை முடிந்தது. திருத்தங்களை அந்த டிரைவரின் பராமரிப்பாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார். புதிதாக ஒரு வரி சேர்க்க ஒரு ஆள் போதும். இருக்கிற வரியை எடுக்கப் போனால், அது இனி யாருக்கும் வேண்டியதில்லை என்று நிரூபித்தாக வேண்டும். அதற்கு மண்டபம் முதல் தொண்டிவரை ஆள் தேவைப்பட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 2003 டிசம்பரில் 2.6 கெர்னல் வந்தபோதே டிரைவர் கோப்பின் பின்னொட்டு ‘.ஓ’ என்பது போய் ‘.கேஓ’ ஆகிவிட்டது. ஆவணமோ ‘.ஓ’ கோப்பைத்தான் ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தது. கெர்னலோடு கூடவே வரும் டிரைவரைத் தனியே இறக்கி, கம்பைல் செய்து (மூல நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றி) நிறுவச் சொன்னது. கார்டுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்க ‘இஃப்கான்ஃபிக்’ கட்டளை என்றது. 2017இல் வெளியான டெபியன் 9 என்ற லினக்ஸ் பதிப்பு முதல் புதிதாக நிறுவும் கணினியில் அந்தக் கட்டளை தானாக வருவதில்லை, ‘ஐபி’ கட்டளைதான் இருக்கும். கார்டின் பெயர் ‘எத்0’ என்று அடித்துச் சொன்னது. லினக்ஸ் கணினியைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி மென்பொருள் 2013இல் கொண்டுவந்த முறைப்படி இப்போது பல கணினிகளில் ‘இஎன்பி3எஸ்0’ போன்ற பெயர்தான் தெரியும். இதை நம்பி உட்காரும் பிள்ளை படிக்குப் படி பிழைச் செய்தி வாங்கும். கடைசியில் தனக்குத்தான் மூளை போதவில்லை என்று எழுந்து போய்விடும். எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

முதல் நன்றி கீழக்கரையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் காக்காவுக்கு (அண்ணனை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்). எடைக்குப் போடாமல் பெட்டி பெட்டியாக அவர் வைத்திருந்த பழைய கார்டுகள் இல்லையென்றால் சோதிக்க எதுவுமே இருந்திருக்காது. நம் பக்கத்துக் கடற்காற்றில் கேபிள் செருகும் இடத்துப் பின்களில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். காக்கா ஒவ்வொரு கார்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் பின் பின்னாகத் துடைப்பார், கேபிளைச் செருகி விளக்கு எரிந்த பிறகுதான் கையில் கொடுப்பார். “டிரைவரைத் திட்டுறதுக்கு முன்னாடி துருவைப் பாருங்க தம்பி” என்பது அவர் கடைச் சட்டம்.

விடுமுறையிலும் ஆய்வகச் சாவியைத் தந்த ராமநாதபுரம் கல்லூரி டீச்சருக்கு நன்றி. மின்கட்டணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாம்பனிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்த மாணவர்களுக்கு இருந்தது ஒரே விதி: ஆவணம் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும், சொந்தப் புத்தியைக் காட்டக் கூடாது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இது பெரிய தண்டனை. அப்படிச் செய்ததில்தான் ஒரு மாணவி முக்கியமான சிக்கலைப் பிடித்தார். கார்டின் வேகத்தை 100 மெகாபிட், முழு இருவழி (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும்) என்று கட்டாயமாக நிறுத்தச் சொல்லும் பத்தி அது. அதன்படி செய்தார், இணைப்பைச் சோதிக்கும் சின்னச் செய்தியான ‘பிங்’ ஒழுங்காகப் போனது, பெரிய கோப்பு மட்டும் ஊர்ந்தது. காரணம் இதுதான். இரு முனைகளும் வேகத்தையும் வழியையும் தாமே பேசி முடிவு செய்வதுதான் தானியங்கி இணக்கம். ஒரு முனையில் அதை நிறுத்திவிட்டால், எதிர்முனையில் உள்ள சுவிட்ச் (கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) வேகத்தைக் கண்டுகொள்ளும். இருவழியா என்பது அதற்குத் தெரியாது, அரைவழி (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்) என்றே வைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும்போது மோதல் வருகிறது. சின்னச் செய்திகள் தப்பிவிடும், பாரம் கூடினால் மாட்டிக்கொள்ளும்.

பத்தியையே தூக்கிவிடலாம் என்று நாங்கள் எல்லோரும் நின்றபோது தொண்டி ஐயா ஒருவர்தான் மறித்தார். இணக்கம் பேசத் தெரியாத பழைய சுவிட்ச் அவரிடம் இன்றும் ஓடுகிறது. அங்கே இரண்டு முனையிலும் கையால்தான் வேகம் வைத்தாக வேண்டும். பேச்சு சூடாகவே போனது. முடிவில் பத்தி தங்கியது, “எதிர்முனையிலும் இதையே வைத்தால் மட்டும்” என்ற நிபந்தனையோடு. ஐயா, உங்கள் பிடிவாதத்துக்குத் தனியாக ஒரு கும்பிடு.

முகம் பார்த்திராத பராமரிப்பாளருக்கும் கடன்பட்டிருக்கிறோம். நீக்கும் ஒவ்வொன்றையும் தனித்தனித் திருத்தமாகப் பிரித்து, ஏன் நீக்குகிறோம் என்று காரணம் எழுதச் சொன்னார். அலுப்புப் பிடித்த வேலைதான். ஆனால் நாளை யாராவது “இந்த வரி எங்கே போயிற்று?” என்று தேடினால் பதில் அங்கேயே கிடக்கும்.

இனி ஒரு வேண்டுகோள். பழைய ஆவணத்தை அச்செடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கும் பள்ளிகள் அதைக் கிழித்துவிடுங்கள். உங்கள் கார்டுக்கு எந்த டிரைவர் ஓடுகிறது என்று ‘எல்எஸ்பிசிஐ -கே’ கட்டளையே காட்டும். அதிலும் பெயர் வரவில்லையென்றால் கார்டைக் கழற்றி கீழக்கரைக்குக் கொண்டு வாருங்கள். காக்கா அஸர் தொழுகைக்குப் பிறகு, மாலையில் கடையில் இருப்பார்.

நன்றியுடன்,
மண்டபத்திலிருந்து ஒரு கணினிப் பயிற்றுநர்