புது உளியின் முனை மடங்கினால் யாரிடம் முறையிடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் 32 ஆண்டுகளாக நிலை, கதவு, சன்னல் வேலை செய்துவரும் தச்சன் நான். புதிதாக வாங்கும் கைக்கருவிகளின் தரமும், அவற்றில் குறை கண்டு முறையிடுவோரை நிறுவனங்கள் நடத்தும் விதமும் எங்களைப் போன்றோரின் பிழைப்பை நேரடியாகப் பாதிக்கின்றன. ஆனால் இதைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சே எழுவதில்லை என்பதால், என் பட்டறையில் நடந்ததைத் தங்கள் நாளிதழின் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு என்னிடம் தொழில் கற்க வந்த இளைஞனுக்காக, பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் நான்கு உளிகள் கொண்ட பெட்டி ஒன்றை இணைய வணிகத்தளம் வழியாக 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். கைப்பிடி அழகாக இருந்தது. தகடு கண்ணாடிபோல் மின்னியது. கையிலிருந்த பழைய வேலை முடியாததால் பெட்டி மூன்று வாரம் அலமாரியில் இருந்தது. தேக்கு நிலை ஒன்றுக்குத் துளை வெட்டத் தொடங்கிய அன்று, 12 மில்லிமீட்டர் உளியின் முனை கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலின் பத்தாவது அடியிலேயே மடங்கிக்கொண்டது. தீட்டிக் கொடுத்தேன், மீண்டும் மடங்கியது. 18 மில்லிமீட்டர் உளி வேங்கைக் கட்டையில் பட்டதும் முனையில் பிறைபோல ஒரு சில்லு தெறித்துப் போனது. ஆனால் அதே பெட்டியிலிருந்த 25 மில்லிமீட்டர் உளி இன்றுவரை ஒரு குறையுமின்றி உழைக்கிறது. ஒரே பெட்டிக்குள் ஒன்று மெழுகாகவும் ஒன்று கண்ணாடியாகவும் ஒன்று நல்ல உளியாகவும் இருக்கிறதென்றால், அனுப்புவதற்கு முன் அவற்றை ஒருவரும் சோதிக்கவில்லை என்றுதானே பொருள்?

இதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. உளிக்கான உருக்கை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ சட்டென்று அமிழ்த்தினால் அது மிகக் கடினமாகிவிடும்; அந்த நிலையில் விட்டால் அடிதாங்காமல் உடையும். ஆகவே 200 டிகிரியை ஒட்டி மீண்டும் மிதமாகச் சூடேற்றி, அந்த முறுக்கைச் சற்றுத் தளர்த்த வேண்டும். எங்கள் ஊர்க் கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்வது இந்த வேலையைத்தான். நல்ல மர உளியின் கடினத்தன்மை ராக்வெல் சி அளவுகோலில் 58 முதல் 62 வரை இருக்கும். இரண்டாவது சூடு போதவில்லையென்றால் முனை தெறிக்கும்; கூடிப்போனால் மடங்கும். இன்னொரு காரணமும் உண்டு. எல்லாம் சரியாகச் செய்து முடித்த பிறகு, பளபளப்புக்காக இயந்திரச் சாணையில் அவசரமாகத் தேய்க்கும்போது மெல்லிய முனை மட்டும் தாறுமாறாகச் சூடேறி நீலம் பூத்துவிடுகிறது. உருக்கு நீலமாகும்போது அதன் சூடு 300 டிகிரியை நெருங்கியிருக்கும். அந்த இடத்தில் பதம் போயிற்று. அந்த நீலத்தையும் மெருகேற்றி அழித்துவிட்டால், வாங்குபவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. இப்படிப்பட்ட உளிகளில் முனையை மூன்று நான்கு மில்லிமீட்டர் தேய்த்துத் தள்ளினால் உள்ளே நல்ல உருக்கு கிடைப்பதும் உண்டு. ஆனால் புதுக் கருவியை வாங்கியவர் அதன் ஆயுளில் ஒரு பங்கைச் சாணையில் தேய்த்துத் தள்ளிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டுமா?

இதைக் கண்டறிய விலையுயர்ந்த சோதனைக்கூடம் தேவையில்லை. நல்ல அரம் ஒன்றை எடுத்து உளியின் முனைக்கு அருகில் லேசாக இழுத்தால் போதும். உளி சரியான கடினத்தில் இருந்தால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். மென்மையாக இருந்தால் அரம் பிடித்துச் சுரண்டும். இரண்டு விநாடி வேலை. நூறு உளிக்குப் பத்தை எடுத்து இப்படிப் பார்த்திருந்தாலே என் கைக்கு வந்த 12 மில்லிமீட்டர் உளியின் கூட்டாளிகள் தொழிற்சாலைக்குள்ளேயே பிடிபட்டிருக்கும்.

குறையாவது தவறுதலாக நேர்ந்தது என்று விடலாம். அதன் பிறகு நடந்ததுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. வணிகத்தளத்தில் திருப்பி அனுப்பும் அவகாசம் பத்து நாள். அது முடிந்துவிட்டது என்றார்கள். நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்தபோது, ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் பேசி, ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதையைச் சொல்ல வைத்தார்கள். படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். உருக்கு மென்மையாக இருப்பதைப் படத்தில் எப்படிக் காட்டுவது என்று கேட்டேன், பதிலில்லை. மடங்கிய முனையின் படத்தை அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, "பயன்படுத்தப்பட்ட பொருளை மாற்றித்தர இயலாது" என்று மின்னஞ்சல் வந்தது. பயன்படுத்தாமல் உளியின் பதத்தை அறிய வழி இருக்கிறதா? சட்டையின் அளவைப் போட்டுப் பார்த்து அறியலாம். கைப்பேசியின் குறை இயக்கியவுடன் தெரியும். வெட்டுக்கருவியின் குறையோ மரத்தில் இறங்கிய பிறகுதான் வெளிப்படும். சட்டைக்கும் கைப்பேசிக்கும் எழுதிய விதியை உளிக்கும் இழைப்புளிக்கும் அப்படியே பொருத்தினால், அந்த விதியின்கீழ் எங்களில் எவராலும் எந்தக் குறையையும் நிரூபிக்கவே முடியாது. விடாமல் எழுதியதில், இரண்டு மாதம் கழித்து ஒரு மாற்று உளி வந்தது. அதுவும் அதே இடத்தில் மடங்கியது.

நான் நியாயமாகவும் பேச வேண்டும். வாடிக்கையாளர் சொல்லும் எல்லாக் குறையும் குறையல்ல. அளவு டேப்பின் முனையிலுள்ள கொக்கி ஆடுகிறது என்று பலர் திருப்பிக் கொடுக்கிறார்கள். அந்தக் கொக்கி தன் தகட்டின் தடிமன் அளவுக்கு ஆடினால்தான் வெளிப்பக்கம் மாட்டி அளந்தாலும் உட்பக்கம் முட்டி அளந்தாலும் அளவு சரியாக வரும். அது செய்யும்போதே திட்டமிட்டு வைத்த ஆட்டம். புது உளியைத் தீட்டாமல் மரத்தில் வைத்துவிட்டுக் கூர் இல்லை என்பதும் சரியல்ல. என் நண்பர் ஒருவர் இதே கொக்கி ஆட்டத்தைச் சொல்லிப் புகார் செய்தபோது, வேறொரு நிறுவனம் ஒரு விளக்கமும் தராமல் உடனே புது டேப் அனுப்பியது. அதன் கொக்கியும் ஆடத்தான் செய்தது. குறையில்லாத டேப்பை மாற்றுகிறார்கள், குறையுள்ள உளியை மறுக்கிறார்கள். புகாரைக் கேட்கும் நாற்காலியில் கருவியைக் கையில் பிடித்துப் பழகிய ஒருவர்கூட இல்லை என்பதைத்தான் இவை இரண்டும் எனக்குக் காட்டின.

உளி மட்டும் அல்ல. செங்கோணம் சரிபார்க்க உள்ளூர்க் கடையில் வாங்கிய மூலைமட்டம் ஒன்று 20 சென்டிமீட்டருக்கு அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. பலகையின் நேர் விளிம்பில் மட்டத்தை வைத்து ஒரு கோடு கிழித்து, மட்டத்தை மறுபக்கம் திருப்பிப் போட்டு இன்னொரு கோடு கிழித்தால், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால், விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை. அரை மில்லிமீட்டர் சிறிதாகத் தோன்றலாம். ஏழடி உயரக் கதவில் அது ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்து, கதவு நிலையில் உரசும். வீட்டுக்காரர் தச்சனைத்தான் குறை சொல்வார். கடைக்காரர் நல்லவர், மறுபேச்சின்றி வேறு மட்டம் எடுத்துக் கொடுத்தார். ஆனால் பழையதை நிறுவனம் திரும்பப் பெறாததால் அந்த நட்டம் அவர் தலையில் விழுந்தது. சுத்தியலிலும் குறட்டிலும் இத்தகைய கவனக்குறைவு உயிருக்கே ஆபத்தாக முடியும். அளவுக்கு மீறிக் கடினமாக்கிய சுத்தியல் முகத்திலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைப் பறிக்கும். மின்பணியாளர் நம்பிப் பிடிக்கும் குறட்டில் வெறும் அலங்கார உறையை மாட்டிவிட்டு 1000 வோல்ட் என்று அச்சிடுவது எத்தகைய செயல் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் திறமை இல்லாமல் இது நடக்கவில்லை. பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். ஜலந்தரில் இதற்கென்றே மத்திய அரசின் கைக்கருவி நிறுவனம் இயங்குகிறது. 2025 ஏப்ரலில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவின் கைக்கருவி ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 கோடி டாலர் என்று கூறுகிறது. வெளிநாட்டு வணிகர் தம் நாட்டுத் தர அளவை முன்வைத்து, சோதனைச் சான்று கேட்டு வாங்குகிறார். உள்நாட்டில் கேட்பாரில்லை. அந்த 12 மில்லிமீட்டர் உளியை இறுதியில் எங்கள் தெருக் கொல்லரிடம் கொடுத்து மறு தோய்ச்சல் போடச் சொன்னேன். எண்பது ரூபாய் வாங்கினார். இப்போது அதே உளி வேங்கையிலும் முனை மாறாமல் நிற்கிறது. உருக்கு நல்ல உருக்குதான். என் தந்தை காலத்தில் லாரியின் பழைய வில்பட்டையில் உளி அடித்துக் கொடுத்த கொல்லருக்கும் பதம் தவறியதுண்டு. ஆனால் மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தால், காசு வாங்காமல் மீண்டும் உலையில் வைப்பார். அவர் எங்களிடம் படம் கேட்டதில்லை.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் சக தொழிலாளர்கள் அறிய வேண்டும். வணிகப் பயன்பாட்டுக்கு உத்தரவாதம் செல்லாது என்று பல நிறுவனங்கள் அட்டையில் அச்சிட்டுவிட்டு, தச்சரும் கொத்தனாரும் நுகர்வோரே அல்லர் என்பதுபோல் பேசுகின்றன. ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கில் வாங்கியதாகக் கொள்ளாது, அவரும் நுகர்வோரே. இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகள், புகாரைப் பெற்றதற்கு 48 மணி நேரத்தில் ஒப்புகையும், ஒரு மாதத்தில் தீர்வும் தரப்பட வேண்டும் என்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரமும் உண்டு. இருந்தும் அறுநூறு ரூபாய் உளிக்காக ஐந்தாறு நாள் கூலியை இழந்து ஆணையத்தின் படியேற எவருக்கு முடியும்? எங்களால் ஏற முடியாது என்பதை நிறுவனங்களும் நன்கு அறிந்திருக்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே, நீதிமன்ற வாசலுக்கு முன்பே செய்யக்கூடிய சிலவற்றைக் கேட்கிறேன். ஒவ்வொரு வெட்டுக்கருவியிலும் அது எந்தத் தொகுதியில் செய்யப்பட்டது என்ற எண்ணையும், அதன் கடினத்தன்மை அளவையும் பொறிக்க வேண்டும். அப்போது ஒரு தொகுதி முழுவதும் பழுதென்றால், மாற்று என்று சொல்லி அதே தொகுதியிலிருந்தே இன்னொன்றை அனுப்பும் அவலம் நேராது. மாற்றித்தரும் அவகாசத்தை நாள்கணக்கில் வைக்காமல் ஆறு மாதமாவது வைக்க வேண்டும். பயன்படுத்திய தடம் இருப்பதை மறுப்புக்குக் காரணமாகக் காட்டக் கூடாது. விற்ற கடையிலேயே அரம் வைத்துச் சோதித்து மாற்றிக்கொடுக்கும் உரிமையைக் கடைக்காரருக்கு வழங்கி, அந்த நட்டத்தை நிறுவனம் ஏற்க வேண்டும். அரசிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைச் சேர்ந்தோருக்குக் கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவுகிறது. கைவினைஞர்களுக்கு மாநில அரசு தரும் கடனும் மானியமும்கூடப் பெரும்பாலும் கருவிகளாகத்தான் மாறுகின்றன. பொதுப்பணத்தில் வாங்கப்படும் இந்தக் கருவிகளில் மாதிரி எடுத்து, கடினத்தன்மை அளக்கும் இயந்திரமுள்ள அரசுப் பாலிடெக்னிக்குகளில் சோதித்து, முடிவை நிறுவனத்தின் பெயரோடு வெளியிட்டால், அதற்காகவே பலர் விழித்துக்கொள்வார்கள்.

வரும் தை மாதத்தில் மேலும் இரண்டு இளைஞர்கள் என் பட்டறையில் சேர இருக்கிறார்கள். தொழில் கற்கும் கைக்கு முதலில் தேவை பதமான உளி. முனை மடங்கும்போது அவர்கள் தங்கள் கையைத்தான் சந்தேகிப்பார்கள், உளியை அல்ல. அவர்களுக்கு எந்தப் பெட்டியை நம்பி வாங்குவது என்று இந்தக் கணம்வரை எனக்குத் தெரியவில்லை. கைக்கருவி செய்யும் நிறுவனங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், தங்கள் தொழிற்சாலையில் எத்தனை உளிக்கு ஓர் உளியைச் சோதிக்கிறார்கள், எந்த அளவுக்குக் கீழே போனால் கழிக்கிறார்கள் என்பதை இதே பகுதியில் எழுத வேண்டும் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மரவேலைத் தச்சன்,
கும்பகோணம்.