சேகரிப்பாளர் வட்டம், டோர்ட்முண்ட்: செயலாளரின் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் கூட்டம் வழக்கம்போல நடந்தது. ஏப்ரலில் முத்திரைக் கண்காட்சி, செப்டெம்பரில் நாணயப் பரிமாற்றம், இரண்டும் குறையில்லாமல் முடிந்தன. ஓகஸ்டில் மண்டபம் கிடைக்காததால் மாதக் கூட்டம் இல்லை.

இனி பரிசோதனை மேசை, அதாவது அங்கத்தவர்கள் கொண்டுவரும் பழைய பதக்கங்கள் அசலா போலியா என்று மண்டபத்தில் ஒன்றாக இருந்து பார்ப்பது. இதை நான்தான் வற்புறுத்தித் தொடக்கினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். போன வருடம் எங்கள் தம்பி ஒருவர் பழைய சாமான் சந்தையில் 1939 இரும்புச் சிலுவை (இரண்டாம் உலகப் போரின் ஜேர்மன் பதக்கம்) இரண்டாம் வகுப்பு என்று 140 யூரோ கொடுத்து வாங்கி வந்தார். காந்தம் ஒட்டுகிறது, அசல்தான் என்று விற்றவர் சொன்னாராம். பூதக் கண்ணாடியில் பார்த்தால் முழுதும் ஒரே வார்ப்பு, கறுப்பு பெயின்ற் மட்டும் மேலே. அசல் சிலுவை பொதுவாக மூன்று துண்டு: நடுவில் கறுப்பாக்கிய இரும்பு, அதை முன்னும் பின்னும் பிடிக்கிற இரண்டு வெள்ளிநிறச் சட்டங்கள். பக்கவாட்டில் திருப்பினால் சட்டங்களைப் பற்றவைத்த கோடோ, அதை அரத்தால் தேய்த்த தடமோ தெரியும். நாடா கோக்கும் வளையத்தில், செய்த நிறுவனத்தைக் குறிக்கும் 65 என்ற எண்ணைக் கண்டதும் நம்பிவிடக் கூடாது, எண்ணை இன்றைக்கும் யாரும் அடிக்கலாம். எண்ணே இல்லாத அசல்களும் நிறைய உண்டு.

அப்புறம் ஒக்ரோபரில் நடந்தது. அங்கத்தவர் ஒருவரின் பக்கத்து வீட்டு மூதாட்டி, தன் தகப்பனின் சாமான்களை ஒரு சுருட்டுப் பெட்டியோடு அவரிடம் கொடுத்துவிட்டார். உள்ளே இருந்த சிலுவையில் காந்தம் ஒட்டவில்லை. வட்ஸ்அப்பில் படம் போட்ட ஐந்து நிமிடத்தில் நான்கு பேர் "கள்ளச் சாமான்" என்று எழுதிவிட்டார்கள். நான்கு பேரில் ஒருவர்கூட ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வரவில்லை. வந்த ஆறு பேர் மேசையில் வைத்துப் பார்த்தோம். பக்கக் கோடு ஒழுங்காக இருந்தது. ஆண்டு இலக்கங்களின் முனையில் கறுப்பு தேய்ந்து மஞ்சள் உலோகம் எட்டிப் பார்த்தது. பித்தளை! 1939 சிலுவைகளில் சிலவற்றுக்கு இரும்புக்குப் பதில் பித்தளை நடுத்தகடு வைத்திருக்கிறார்கள். நாடா புற ஊதா விளக்கில் வெள்ளையாக ஒளிரவில்லை, பிற்காலச் செயற்கை நூல் என்றால் பெரும்பாலும் ஒளிரும். பெட்டியின் அடியில் 1940ஆம் ஆண்டுச் சான்றிதழும், அதே பெயரோடு படைவீரரின் அடையாளப் புத்தகமும் இருந்தன. கூடவே 1942 மே 26இல் உருவாக்கிய கிழக்கு முனைப் பதக்கம், ரஷ்யக் குளிரில் நின்ற படையினர் தாங்களே "உறைந்த இறைச்சிப் பதக்கம்" என்று சொன்னது. அது துத்தநாகம், அதிலும் காந்தம் ஒட்டாது. எல்லாம் அசல் என்று முடிவு செய்தோம். படத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பெட்டி குப்பைக்குப் போயிருக்கும்.

இந்தப் பதக்கங்களில் உள்ள நாசிகளின் சுவஸ்திகா குறியைப் பொதுவில் காட்டுவதற்கு ஜேர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவில் தடை இருக்கிறது, கல்வி, ஆய்வு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆகவே மேசையில் பார்த்தவற்றைக் கண்காட்சியில் வைப்பதில்லை, படங்களில் மறைத்தே பகிரவும். சந்தைகளில் அதன்மேல் ஒட்டுத்தாள் ஒட்டியிருப்பார்கள், நாம் பார்க்கவேண்டிய இடமும் அதுதான், எனவே காசு கொடுக்க முதல் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மேற்கு ஜேர்மனியின் 1957 சட்டத்தின்படி சுவஸ்திகா நீக்கி, நடுவில் ஓக் இலை வைத்துச் செய்த சிலுவைகளைப் போலி என்று யாரும் எறியவேண்டாம். அவை முன்பு பதக்கம் பெற்றவர்கள் அணிவதற்காகச் சட்டப்படி செய்தவை, ஆனால் போர்க்காலப் பொருளும் அல்ல.

வரவு செலவு விபரம் பொருளாளரிடம் இருக்கிறது. மண்டப வாடகை, புற ஊதா விளக்கு, தராசு எல்லாம் போக மிச்சம் சொற்பம்தான். 31 பேரில் 12 பேரின் சந்தா இன்னும் வரவில்லை, அதில் சிலருக்கு இது இரண்டாவது வருடம். பெயர் எழுதவில்லை. ஆனால் விளக்கு வாங்கிய காசில் பாதி என் கையிலிருந்து போனது என்பதை இங்கே பதிவு செய்யவேண்டும்.

தலைவர் ஐயாவுக்கும், பொருளாளருக்கும், ஒவ்வொரு மாதமும் தேநீர் கொண்டுவந்த அக்காவுக்கும் நன்றி.

அடுத்த வருடம் மேசையை மாதம் இருமுறை வைக்க விருப்பம். நான் ஒருவனே எல்லா ஞாயிறும் நிற்க முடியாது. பதக்கம் தெரிந்த அண்ணைமார் மூன்று நான்கு பேர் எங்களிடம் இருக்கிறார்கள், நான் கற்றுக்கொண்டதே அவர்களிடம்தான், ஆனால் அவர்கள் கடைசியாக மண்டபத்துக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. முறை வைத்து நிற்க இரண்டு பேர் பெயர் தந்தால் ஜனவரியிலேயே தொடங்கலாம். சந்தாவையும் அன்றைக்கே கொண்டுவாருங்கள், இரசீதுப் புத்தகம் மேசையில் இருக்கும்.

செயலாளர்