செட்டை விற்காதே, முதலில் அளந்து பார்

மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பத்தாம் வகுப்பு, வீட்டில் வேறு பேச்சே இல்லை. உன் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் குடும்பத்தோடு வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

ஹோம் தியேட்டர் செட்டை விற்கப் போகிறாயாமே? உன் தம்பி போனில் சொன்னான். வசனம் ஒன்றும் புரியவில்லை, சண்டைக் காட்சி வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, கடைக்காரர் பெரிய சப்வூஃபராக (அடித்தொனிக்கென்று இருக்கும் தனிப் பெட்டி, சுருக்கமாகச் சப்) போடச் சொல்கிறார், பழையதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறாராம். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் அதிர்கிறது என்று சொல்கிறவனுக்கு இன்னும் பெரிய சப்பா? நீயும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய். பச்சை ஒயர் விவகாரத்துக்கு அப்புறமாவது நீ யாரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வாய் என்று நினைத்தேன்.

உன் ஸ்பீக்கரில் குறை இல்லை. போன தீபாவளிக்கு வந்தபோது முன்னால் இருக்கும் இரண்டை மட்டும் ஓடவிட்டுப் பாட்டுக் கேட்டோமே, எவ்வளவு சுத்தமாக இருந்தது! எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போதுதான் கெடுகிறது. அப்படியென்றால் கோளாறு அளவிலும் அறையிலும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தோடு என் சவுண்ட் மீட்டரையும் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். புது பேட்டரி போட்டிருக்கிறது. நுனியில் இருக்கும் கறுப்புப் பஞ்சு உருண்டையைக் கழற்றாதே, மைக்கில் காற்று படாமல் காக்கிறது அதுதான்.

மீட்டரில் இரண்டு பொத்தான்கள் முக்கியம். ஏ, சி என்று ஒன்று இருக்கும், சி-யில் வை. ஃபாஸ்ட், ஸ்லோ என்று இன்னொன்று, ஸ்லோவில் வை. ஏ-யில் வைத்தால் மீட்டர் அடித்தொனியைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளாது: 63 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு இத்தனை அதிர்வு, எண் குறையக் குறைய அடித்தொனி) 26 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறைத்துக் காட்டும், 31.5-இல் 39 டெசிபல். அதை நம்பிச் சப்பை ஏற்றினால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். சி-யிலும் 31.5 ஹெர்ட்ஸில் ஒரு 3 டெசிபல், 20-இல் 6 டெசிபல் குறையத்தான் செய்யும், அது பரவாயில்லை. போன் ஆப் வேண்டாம். போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, அடித்தொனியில் அதை நம்ப முடியாது.

முதலில் ஃபேனை நிறுத்து. சிரிக்காதே, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சி-யில் வைத்து, எந்தப் பாட்டும் ஓடாதபோது ஃபேனுக்கு நேர் கீழே மீட்டரைப் பிடித்துப் பார்: எண் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஃபேன் சத்தம் கொஞ்சம்தான். மைக்கில் மோதும் காற்றைத்தான் அது அடித்தொனி என்று எண்ணிக்கொள்கிறது. கடைக்காரர் அனுப்பிய பையன் ரிசீவரோடு (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் பெட்டி) வந்த மைக்கை டீப்பாய் மேல் வைத்து, ஃபேனைச் சுற்றவிட்டு, உன்னோடு பேசிக்கொண்டே ஆட்டோ செட்டப் (ரிசீவர் தானே அளந்து சரிசெய்துகொள்வது) ஓட்டினான் என்று நீயே சொன்னாய். அந்தக் கணக்கு எப்படிச் சரியாக வரும்? டீப்பாய்ப் பலகையில் பட்டுத் திரும்பும் ஒலியையும் சேர்த்துத்தானே அந்த மைக் கேட்டிருக்கும்?

சோபாவில் நீ உட்காரும் இடத்தில், உன் காது இருக்கும் உயரத்தில் மீட்டரை நிறுத்து. கேமரா ஸ்டாண்ட் இருந்தால் நல்லது. மைக் நுனி கூரையைப் பார்க்கட்டும். கையில் பிடித்தால் உடம்பிலிருந்து தள்ளிப் பிடி. ரிசீவர் மெனுவில் டெஸ்ட் டோனை எடு. மழை இரைச்சல் மாதிரி ஒரு சத்தம் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். மீட்டர் ஒவ்வொன்றுக்கும் 75 காட்டும் வரை அந்த ஸ்பீக்கரின் லெவலை மட்டும் ஏற்று அல்லது இறக்கு, பொது வால்யூமைத் தொடாதே.

75-க்குக் காரணம் இருக்கிறது. சினிமா மிக்ஸ் செய்கிற அரங்கில் ஒரு குறிப்பிட்ட அளவு சிக்னல் போனால் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல் தர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வீட்டு ரிசீவரின் டெஸ்ட் டோன் பெரும்பாலும் அதைவிட 10 டெசிபல் தாழ்ந்தது, அதனால் 75. இப்படிச் செய்துவிட்டால் ரிசீவரில் வால்யூம் 0-இல் (அது மௌனம் இல்லை, மைனஸில் போகப் போகத்தான் ஒலி குறையும்) வரும் ஒலி, மிக்ஸ் செய்தவர் கேட்ட அளவு. அந்த அளவில் ஒரு ஸ்பீக்கரே 105 டெசிபல் வரை உச்சம் போகும், சப்புக்கான தனித் தடம் 115 வரை. உன் ஹாலுக்கு அது மிக அதிகம், -15 பக்கம் வைத்தாலே தாராளம்.

மீட்டர் ஒன்றிரண்டு டெசிபல் தப்பாகக் காட்டினாலும் கவலைப்படாதே. ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரே தப்புதான். அவற்றுக்குள் சமநிலை வந்துவிட்டால் போதும். உன் பின் ஸ்பீக்கர்கள் சோபாவிலிருந்து நாலடி, முன்னவை பத்தடி. திறந்த வெளியாக இருந்தால் இந்தத் தூர வித்தியாசம் மட்டுமே 8 டெசிபல் வரும். அறைக்குள் அவ்வளவு வராது, ஆனாலும் பின்னால் இருப்பவை முன்னால் நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரை அமுக்கிவிடும். வசனம் முக்கால்வாசி அந்தச் சென்டரிலிருந்துதான் வருகிறது. தூரத்தையும் டேப் வைத்து அளந்து மெனுவில் போடு. ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர்தான் போகும், ரிசீவர் அதற்கேற்பக் கிட்டே இருப்பதைத் தாமதப்படுத்தும்.

இதெல்லாம் அரைமணி வேலை. சப்தான் மாப்ளே, பொறுமை கேட்கும்.

உன் ஹாலின் அளவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீளம் 15 அடி, அகலம் 10, உயரமும் 10. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பித் தன்னோடு தானே சேர்ந்துகொள்ளும் ஒரு அதிர்வெண் ஒவ்வொரு அளவுக்கும் உண்டு. ஒலியின் வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அது வந்துவிடும். 15 அடிக்கு 37, 38 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 56. உனக்கு அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 56-இல் இரண்டும் சேர்ந்து உட்கார்ந்துகொள்கின்றன! மேலை நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் பலகை அடித்த வீடுகளுக்கு எழுதியவை. அங்கே சுவரே கொஞ்சம் அசைந்து கொடுத்து அடித்தொனியை வெளியே விட்டுவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் டைல்ஸும் அவ்வளவாக வெளியே விடாது. அதிலும் நீ சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறாய். அடித்தொனியின் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் இடமே சுவர் ஓரம்தான். சப்பையும் மூலையில் தள்ளியிருக்கிறாய். மூலை எல்லா அதிர்வெண்களையும் ஒரே மூச்சில் தூண்டிவிடும். ஜன்னல் அதிராமல் என்ன செய்யும்?

அதனால் முதலில் சோபாவை இரண்டடி முன்னால் இழு. வீட்டில் திட்டினால் என் பெயரைச் சொல். அப்புறம் சப்பைத் தூக்கி சோபாவில், நீ உட்காரும் இடத்தில் வை. 30-லிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை ஐந்தாறு டோன்களை (ஒரே அதிர்வெண்ணில் நிற்கும் ஒலிகளை), 56-ஐயும் சேர்த்து, ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள். ஒவ்வொன்றாக ஓடவிட்டு, சப் வைக்கத் தோதான இடங்களில் தரையோரமாக மீட்டரைப் பிடித்து எண்ணை நோட்டில் எழுது. சோபாவிலிருந்து அங்கே எப்படிக் கேட்கிறதோ, அங்கிருந்து சோபாவுக்கும் அப்படியேதான் கேட்கும். எண்கள் எந்த இடத்தில் ஒன்றுக்கொன்று நெருங்கி வருகின்றனவோ அதுதான் சப்புக்கு இடம். அதிகமாகக் காட்டும் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்! என் ஹாலில் டிவி ஸ்டாண்டுக்கும் மூலைக்கும் நடுவில் அமைந்தது. மூலையில் இருந்தபோது ஒரு டோன் அடுத்ததைவிடப் பதினைந்து டெசிபலுக்கு மேல் எகிறிக்கொண்டிருந்தது. இப்போது பாதிகூட இல்லை.

இடம் கிடைத்தபின் சப்பின் பின்னாலிருக்கும் கிராஸ்ஓவர் (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்புக்குப் போக வேண்டும் என்று பிரிப்பது) திருகை அதிகபட்சம் வரை திருப்பிவிட்டு, ரிசீவரில் 80 ஹெர்ட்ஸ் வை. சப்பின் டெஸ்ட் டோன் ஓடும்போது மீட்டரில் எண் ஆடும், நடுவில் கண்ணால் ஒரு சராசரி எடு. முதலில் சப்பின் வால்யூம் திருகாலேயே 75-க்குப் பக்கத்தில் கொண்டுவா, கடைசி ஒன்றிரண்டை மட்டும் ரிசீவரில் சரிசெய். பிறகு 80 ஹெர்ட்ஸ் டோனை முன் ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து ஒலிக்கும்படி விட்டு, ஃபேஸ் சுவிட்சை 0-இலும் 180-இலும் வைத்துப் பார். எதில் எண் அதிகமோ அதில் விட்டுவிடு. மற்றதில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை.

அப்பா கொஞ்ச காலமாகப் படம் பார்க்க உட்காருவதில்லை. பாதியில் தூக்கம் வருகிறது என்று எழுந்து போய்விடுவார். வயசு என்று விட்டிருந்தோம். ஒருநாள் எல்லோரும் ஒரு வசனத்துக்குச் சிரித்தபோது என் பக்கம் சாய்ந்து, "என்னடா சொன்னான்?" என்று மெல்லக் கேட்டார். அந்தக் குரல் எனக்குத் தாங்கவில்லை மாப்ளே. மறுவாரமே காது பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். அடித்தொனி நன்றாகக் கேட்கிறது. 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே பரிசோதனைத் தாளில் கோடு சரிந்து இறங்குகிறது. வயதானவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தானாம். ச, த, க மாதிரி மெய்யொலிகள் கரைந்து, உயிரொலிகள்தான் மிஞ்சும். சத்தம் கேட்கும், சொல் புரியாது. வால்யூமை ஏற்றினால் சப்பின் குமுறல்தான் ஏறும், அது மேல் தொனிகளை இன்னும் மூடிவிடும்.

எல்லாவற்றையும் 75-இல் நிறுத்தியபின் சென்டரை மட்டும் 3 டெசிபல் ஏற்றி வைத்தேன். இப்போது கடைசிக் காட்சி வரை உட்காருகிறார். வில்லன் செய்தது நியாயமா என்று சின்னவனோடு மல்லுக்கட்டுகிறார். காதுக் கருவிக்கு மட்டும் "பார்க்கலாம்" என்கிறார், விடப்போவதில்லை.

உன் அப்பாவும் டிவியை அலறவிடுகிறார் என்று எரிச்சல்படுகிறாயே, அவரையும் கூட்டிப் போ. நீயும் பரிசோதித்துக்கொள். திருவிழாக்களில் மைக் செட் அண்ணனின் பெட்டி மேலேயே சாய்ந்து தூங்கியவன் நீ. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். அந்தப் பெட்டிப் பக்கம் நாம் விடிய விடியக் கிடந்தோம். பாப்பாவைச் சப் பக்கத்தில் உட்கார விடாதே.

கடைக்காரருக்கு இன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடு. அளந்ததும் ஐந்து ஸ்பீக்கரின் லெவலையும், சப்பை வைத்துப் பார்த்த ஒவ்வொரு இடத்தின் எண்களையும் போட்டோ எடுத்து அனுப்பு. 56-இல் இன்னும் முட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் ஈக்வலைசரில் இறக்க வழி இருக்கிறது, கிரகப்பிரவேசத்துக்கு வரும்போது உட்கார்ந்து பார்ப்போம். மீட்டரை அப்போது வாங்கிக்கொள்கிறேன். அத்தையிடம் கேட்டதாகச் சொல்.

உன்,
குமார்