சீதன வளவும் பிரிந்த மனைவியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரத்திலும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும் நீண்டகால வழக்கம் என்பதால், மணவாழ்வு முறிந்தாலும் பெண்ணும் பிள்ளைகளும் கூரையை இழக்காதிருந்தனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் வழங்கப்பட்ட வீடுகளோ, பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ எனக் கணவனின் பெயரிலேயே எழுதப்பட்டன. தாய் வழியாக வந்த வீட்டைக் கடலுக்குப் பறிகொடுத்தவளின் உரிமை அந்த ஒற்றைச் சொல்லில் மறைந்து போயிற்று. அத்தகைய தம்பதியர் பிரியும்போது, வீட்டின் உறுதிப் பத்திரத்தில் பெயரில்லாத மனைவி பிள்ளைகளோடு வெளியேற நேர்வது பெருங்கொடுமை.

விவாகரத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நெடுநாள் இழுபடலாம். அது முடியும்வரை காத்திராமல், 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு, அதாவது வாழ்க்கைச் செலவுக்கான பணம், கோரலாம் என்பதை அறியாத தாய்மாரை நான் இன்றும் சந்திக்கிறேன். ஆனால் வீட்டுக்கு அத்தனை நேரான வழி இல்லை.

ஆகவே பிரதேச செயலகங்கள், இனி வழங்கும் வீட்டு, காணி ஆவணங்களில் மனைவியின் பெயரையும் கட்டாயம் சேர்ப்பதோடு, ஆழிப்பேரலை வீடுகளின் ஆவணங்களையும் மீளப் பரிசீலிக்க வேண்டும்.

வாசகி,
களுவாஞ்சிக்குடி.