மட்டக்களப்பு, அம்பாறை நூலகங்களுக்கு ஒரு கூட்டுப் பட்டியல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

எனது தங்கையின் மகள் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் சிறப்புக் கற்கையின் இறுதி ஆண்டில் இருக்கிறார். கிழக்கில் 1960 முதல் 1977 வரை இருந்த இரட்டை அங்கத்தவர் தொகுதிகளைப் பற்றி ஆய்வேடு எழுதப்போவதாக அவர் சொன்னபோது, உயர்தர வகுப்புக்கு நெடுங்காலம் அரசியல் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற துணிவில், மூலங்களை நான் தேடித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வாக்கைக் காப்பாற்ற நாங்கள் இருவரும் ஐந்து மாதங்கள் அலைந்தோம். அலைந்ததில் அறிந்துகொண்டவற்றை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் நூலகங்களுக்குப் பொறுப்பானவர்கள் கவனத்திற் கொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பொருள் சிறியதல்ல. 1960 மார்ச் தேர்தலிலிருந்து மட்டக்களப்புத் தொகுதி இரண்டு உறுப்பினரைத் தெரிவு செய்தது. 1977இல் பொத்துவிலும் அவ்வாறான தொகுதியாயிற்று. ஒரே நிலப்பரப்பில் கலந்து வாழும் சமூகங்கள் இரண்டுக்கும் பிரதிநிதித்துவம் கிடைக்கட்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். 1977இல் மட்டக்களப்பில் செ. இராசதுரையும் பரீத் மீராலெவ்வையும், பொத்துவிலில் எம். ஏ. அப்துல் ஜலால்தீனும் எம். சி. கனகரத்தினமும் தெரிவானார்கள் என்பதைப் பார்த்தால் அந்த நோக்கம் எந்த அளவுக்கு நிறைவேறியது என்பது விளங்கும். இன்றைக்கும் கிழக்கில் தமிழ், முஸ்லிம் பிரதிநிதித்துவம் பற்றிப் பேசாத தேர்தல் மேடை இல்லை. அப்படியிருக்க, இந்த மண்ணிலேயே பதினேழு ஆண்டுகள் நடந்த ஒரு பரிசோதனையைப் பற்றி, இந்த மண்ணின் நூலகங்களில் வாசிக்க வழியில்லாமல் ஒரு மாணவி இரவு ரயிலில் கொழும்புக்குப் போக வேண்டியிருக்கிறது.

முதலில் நாங்கள் போன நூலகத்தில் அரசியல் விஞ்ஞானம் என்று கேட்டதும் ஓர் இறாக்கையைக் காட்டினார்கள். அதில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை பரீட்சை வழிகாட்டிகள். கேட்டதற்குத் தந்தார்கள் என்பதால் அவர்களில் குறை காண முடியாது. கேட்ட எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசமப் பகுப்பில் 320 என்ற எண்ணோடு அரசியல் முடிந்துவிடுவதில்லை. கட்சிகளும் தேர்தல்களும் 324இல், சட்டமன்றங்கள் 328இல், அரசியலமைப்புச் சட்டம் 342இல், புள்ளிவிபரங்கள் 310இல், இலங்கை வரலாறு 954.93இல் என்று ஒரே விடயம் ஐந்தாறு இறாக்கைகளிற் சிதறிக் கிடக்கும். எண்களை எழுதிக்கொண்டு இரண்டாம் முறை போனபோது முதல் நாள் கண்ணிற் படாத நான்கு நூல்கள் கிடைத்தன.

எங்களுக்கு அவசியமாக வேண்டியிருந்தது தேர்தல் தொகுதிகளை வகுத்த எல்லை நிர்ணய ஆணைக்குழுவின் 1959ஆம் ஆண்டு அறிக்கை. செஷனல் பேப்பர் என்று அச்சிடப்பட்ட அரச அறிக்கை வரிசையில் வந்தது அது. நான் பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு நூலகத்தின் பூட்டிய அலுமாரியில், வேறெதையோ தேடும்போது அது தற்செயலாக அகப்பட்டது. சேர்வுப் பதிவேட்டில் அதற்கு இடப்பட்டிருந்த பெயர் ‘ஆங்கில அறிக்கை’ என்பது மட்டுமே. அங்கே பணிபுரிபவர்கள் நல்லவர்கள். அலுமாரியைத் திறந்து, மேசையைத் துடைத்து, மின்விசிறியையும் எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஆனால் அந்த அறிக்கை தங்களிடம் இருப்பது அன்றுதான் அவர்களுக்கும் தெரியவந்தது.

பெயர்கள் மாறியதாலும் தேடுபவர் தடுமாறுகிறார். அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது 1961இல். ஆகவே அதற்கு முற்பட்ட காலத்துக் கல்முனையையோ சம்மாந்துறையையோ தேடுபவர் மட்டக்களப்பு மாவட்டத்தின் கீழே பார்க்க வேண்டும். பாராளுமன்றத் தேர்தல் முடிவுகளிலோ, 1989 முதல் அதே மாவட்டம் திகாமடுல்ல என்ற பெயரில் வருகிறது. குடிசன மதிப்பீட்டிலும் இடைவெளி உண்டு. 1981க்குப் பின் 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது யுத்த நிலைமையால் மட்டக்களப்பில் முழுமையாக எடுக்க முடியவில்லை. 2012இல்தான் முழுக் கணக்குக் கிடைத்தது. இவற்றைச் சொல்லிக் கொடுக்க ஒருவர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. எங்களுக்கு மூன்று வாரங்கள் பிடித்தன.

மொழியின் சங்கடம் தனி. பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சார்ட்டில் உறுப்பினர் எந்த மொழியிற் பேசினாரோ அந்த மொழியிலேயே உரை அச்சாகும். கிழக்கின் உறுப்பினர் தமிழிற் கேட்ட கேள்வியை என் மருமகள் வாசித்துவிடுகிறார்; அமைச்சர் சிங்களத்தில் அளித்த பதிலுக்கு, சிங்களம் தெரிந்த அயல்வீட்டு ஆசிரியை ஒருவரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அரசியல் விஞ்ஞானத்தைத் தமிழிற் படிப்பித்த நாங்கள், மூலங்கள் மூன்று மொழிகளிலும் இருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குப் போதிய அளவு சொல்லவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இணையத்தில் எல்லாம் இருக்கிறது என்று இளையவர்கள் சொல்வதில் பாதி உண்மைதான். 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தில் ஈழத்துப் பழைய இதழ்களும் பாடசாலை மலர்களும் கோயில் மலர்களும் கிடைக்கின்றன; கும்பாபிஷேக மலரில் அரசியல் என்ன இருக்கும் என்று அலட்சியமாக இருந்த எனக்கு, அன்றைய உறுப்பினர்களின் ஆசிச் செய்திகளும் அறங்காவலர் பட்டியல்களும் பாடம் புகட்டின. ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் நம் நாட்டு ஆய்விதழ்கள் இலவசமாகவே உண்டு. ஆய்விதழ்களின் சேகரமான ஜேஸ்டோர் தளமும் தனிநபராகப் பதிவு செய்தவருக்கு மாதம் 100 கட்டுரைகள் வரை பணமின்றி வாசிக்கத் தருகிறது. ஆனால் 1960களின் நாளிதழ்களை நாள்வாரியாகப் புரட்ட வேண்டுமென்றால் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குத்தான் போக வேண்டும். அச்சாகும் ஒவ்வொன்றின் பிரதியையும் அரசிடம் கொடுக்கும் வழக்கம் 1885ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வந்தது என்பதால், அங்கே உள்ள சேகரம் வேறெங்கும் இல்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரச அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைக் கேட்கும் பிரசை எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்லத் தேவையில்லை; 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது முடிவைத் தெரிவிக்க வேண்டும். ஓர் அலுவலகத்திற் பழைய வாக்களிப்பு நிலையப் பட்டியலை வாயாற் கேட்டபோது “அதெல்லாம் இப்ப இல்லை” என்றார்கள். எழுத்திற் கேட்டபோது பன்னிரண்டாம் நாள் பிரதி வந்தது. ஆய்வு செய்யும் மாணவர்கள் இதைக் கல்வி வழியாகவும் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை.

1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004இன் ஆழிப்பேரலையும் இந்தக் கரையோரத்தில் விட்டுவைத்த கடதாசிகள் சொற்பம். இருப்பதையாவது இன்ன இடத்தில் இருக்கிறது என்று எழுதி வைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அல்ல. மாநகர, நகர, பிரதேச சபைகளின் நூலகங்கள் ஒவ்வொன்றும் தம்மிடமுள்ள அரச அறிக்கைகள், ஹன்சார்ட் தொகுதிகள், மாவட்டப் புள்ளிவிபரக் கைநூல்கள், பழைய இதழ்கள், மலர்கள் ஆகியவற்றை மட்டும் தனியே பட்டியலிட்டு, வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழக நூலகங்களில் ஏதாவதொன்றுக்கு அனுப்பினால் அவற்றை ஒன்றுசேர்த்துக் கூட்டுப் பட்டியலாக வெளியிட முடியும். அவ்விரு பல்கலைக்கழகங்களும் தம் மாணவர்கள் இதுவரை எழுதிய அரசறிவியல் ஆய்வேடுகளின் தலைப்புகளையும் அதிற் சேர்த்தால், ஒருவர் முடித்த வேலையையே இன்னொருவர் முதலிலிருந்து தொடங்கும் வீண் உழைப்புக் குறையும். வருடத்தில் ஒரு நாள், உயர்தர மாணவர்களை நூலகத்துக்கு அழைத்து இந்தப் பட்டியலைப் பார்க்கப் பழக்குவதையும் பாடசாலைகள் செய்யலாம்.

தங்களிடமும் ஒரு விண்ணப்பம். பத்திரிகை அலுவலகத்தில் கட்டி வைத்திருக்கும் பழைய பிரதிகளை, பல்கலைக்கழகக் கடிதத்தோடு வரும் மாணவர்கள் மாதத்தில் ஒரு நாளாவது பார்வையிட அனுமதிக்க இயலுமா என்பதைத் தயவுசெய்து அறிவிக்க வேண்டும். இந்த ஐந்து மாதங்களில் எந்த ஆவணத்தை எங்கே கண்டோம் என்று நானும் மருமகளும் ஒரு கொப்பியில் எழுதி வந்திருக்கிறோம். பதினொரு பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. இவ்விரு மாவட்டங்களிலும் எந்த நூலகம் கேட்டாலும் அதன் போட்டோப் பிரதியை என் செலவிலேயே அனுப்பி வைப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.